காணாமல்போன போர்க்கால விமானக் குழுக்களைத் தேட வருகிறவர்களுக்கு: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

அருணாச்சலப் பிரதேசத்தின் மேல் சியாங் பகுதியில் டம்ரோ என்று, ஆதி என்ற பழங்குடி மக்களின் ஊர் ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே மலையில் ஓர் அமெரிக்க பி-24 குண்டுவீச்சு விமானம் 60 வருடத்துக்கு மேல் கிடந்தது. 1944 ஜனவரி 25 அன்று சீனாவின் குன்மிங்கிலிருந்து அசாமின் சபுவாவுக்குக் கிளம்பியது, உள்ளே எட்டுப் பேர், வழியில் வானிலை கெட்டது, வந்து சேரவில்லை. சொந்தக் காசில் மலையேறித் தேடிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கத் தன்னார்வலர் 2006இல் ஊர்க்காரர்கள் வழிகாட்ட அதைப் பார்த்துப் பதிவு செய்தார். அமெரிக்க அரசின் குழு 2015இல் அங்கே முறையாகத் தோண்டியது. 2016 ஏப்ரலில் எச்சங்கள் டெல்லியிலிருந்து மரியாதையோடு அனுப்பப்பட்டன. 2017இல் அந்த எட்டுப் பேரில் ஒருவர் லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்ஃபர்ட் என்று உறுதியானது, ஜார்ஜியா மாநிலத்தில் அவருடைய ஊரான கான்கார்டில் அடக்கம் செய்தார்கள்.

சிதைவைப் பார்த்ததிலிருந்து அடக்கம் வரை 11 வருடம். இதில் தன்னார்வலரின் பங்கு எது, அரசின் பங்கு எது என்று பிரித்துப் பாருங்கள், நீங்கள் செய்ய வேண்டிய வேலை என்னவென்று அதிலேயே தெரிந்துவிடும். காகிதத்தில் இருக்கும் ஒரு விமானத்தையும் தரையில் கிடக்கும் ஒரு விமானத்தையும் 'இரண்டும் ஒன்றுதான்' என்று சந்தேகமில்லாமல் பொருத்திக் காட்டுவது நம் வேலை. அதோடு நாம் கையை எடுத்துவிட வேண்டும். எலும்பைத் தொடுவதும், இது இன்னார் என்று சொல்வதும், குடும்பத்துக்குச் செய்தி கொண்டுபோவதும் நம்முடைய வேலை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆர்வத்தோடு வருகிறவர்கள் கெடுத்துவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எட்டு வருடமாக நான் இதில் இருக்கிறேன், அதில் முக்கால்வாசி வீட்டில் உட்கார்ந்து ஆவணம் படிப்பதுதான். அதனால் கீழே ஆவணம் பற்றி நிறைய இருக்கும், மலையேற்றம் பற்றிக் குறைவாகத்தான் இருக்கும்.

எத்தனை பேர், எங்கே

இரண்டாம் உலகப்போரிலிருந்து இன்றுவரை காணாமல்போன அமெரிக்க வீரர்கள் 81,000 பேருக்கு மேல், அதில் ஏறத்தாழ 72,000 பேர் இரண்டாம் உலகப்போரில் போனவர்கள். பிரிட்டிஷ், காமன்வெல்த் பக்கம் பார்த்தால், லண்டன் அருகே ரன்னிமீடில் உள்ள நினைவிடத்தில் மட்டும் கல்லறை தெரியாத 20,000க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பலர் கடலில் விழுந்தவர்கள், அவர்களில் பெரும்பாலோரை யாராலும் எடுக்க முடியாது. ஆனால் மலையிலும் சதுப்பிலும் ஆழம் குறைந்த கடலிலும் விழுந்தவர்களைத் தேடலாம்.

இந்தியாவில் இருக்கும் நமக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது ஹம்ப். 1942இல் ஜப்பானியர் பர்மா சாலையை அடைத்த பிறகு சீனாவுக்குப் போக வேண்டிய எரிபொருளும் ஆயுதமும் அசாமின் சபுவா, தின்ஜான், மோகன்பாரி போன்ற விமானத்தளங்களிலிருந்து இமயத்தின் கிழக்கு முனையைத் தாண்டிப் பறந்துதான் போயின. அந்த மலைமேட்டைத்தான் விமானிகள் ஹம்ப் என்றார்கள், நம் மொழியில் திமில். இறக்கையில் பனி உறைந்தது, காற்று மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் அடித்தது, அந்த மலைகளுக்குச் சரியான வரைபடமும் கிடையாது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 600 விமானங்கள் போய்விட்டன, 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல்போனார்கள். வடகிழக்கு இந்தியாவிலும் வடக்கு மியான்மரிலும் யுன்னானிலும் அந்தச் சிதைவுகள் இன்னும் கிடக்கின்றன. பாசிகாட்டில் 2023இல் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள், போக முடிந்தால் முதலில் அங்கே போய் ஒரு நாள் செலவழியுங்கள். ஓர் எஞ்சின் எவ்வளவு பெரியது, அலுமினியத் தகடு இத்தனை வருடத்துக்கு அப்புறம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு புகைப்படங்களைப் படிப்பது எளிதாகிவிடும்.

ஒரே ஒரு விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் ஒரு பிரதேசத்தையே எடுத்துக்கொள்கிறார்கள், "சியாங் பள்ளத்தாக்கில் விழுந்தது எல்லாம்" என்று. வேண்டாம். ஒரு விமானம், ஒரு நாள், ஒரு குழு. அதை முழுசாகப் படித்து முடித்த பிறகு இரண்டாவதை எடுங்கள்.

அமெரிக்க ராணுவ விமானம் என்றால் 1943இன் நடுப்பகுதியிலிருந்து ஒவ்வொரு காணாமல்போன விமானத்துக்கும் ஓர் அறிக்கை எழுதினார்கள், மிஸ்ஸிங் ஏர் க்ரூ ரிப்போர்ட் என்று பெயர், இந்த வட்டாரத்தில் எல்லோரும் எம்.ஏ.சி.ஆர். என்பார்கள். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் இலவசமாகப் படிக்கலாம். விமான வகை, வரிசை எண், எஞ்சின்களின் எண்கள், பொருத்தியிருந்த இயந்திரத் துப்பாக்கிகளின் எண்கள், கடைசியாகப் பார்த்த இடம், அன்றைய வானிலை, உள்ளே இருந்தவர்களின் பெயர், பதவி, ராணுவ எண் எல்லாம் அதில் இருக்கும். எஞ்சின் எண்ணும் துப்பாக்கி எண்ணும் எதற்கு என்று இப்போது தோன்றும். வால்பகுதி எரிந்து, பெயரும் எண்ணும் போய், மலையில் ஒரு துப்பாக்கி மட்டும் மிஞ்சியிருக்கும்போது அந்த எண்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். அதனால் நகல் எடுக்கும்போது அந்தப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

அதே அறிக்கையில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று உறவினர் பட்டியலும் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஓர் அம்மா, ஒரு மனைவி, ஒரு வீட்டு முகவரி. நான் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன்.

சரி, எம்.ஏ.சி.ஆர். கிடைக்கவில்லை என்றால்? மூன்று காரணம் இருக்கலாம். விமானம் 1943இன் நடுப்பகுதிக்கு முன்னால் போயிருக்கலாம், அப்படிப்பட்டவற்றில் சிலவற்றுக்குப் பின்னாளில் எழுதினார்கள், எல்லாவற்றுக்கும் இல்லை. அல்லது எதிரித் தாக்குதல் இல்லாமல் விபத்தாகக் கணக்கில் சேர்த்திருக்கலாம், ஹம்ப்பில் இது சாதாரணம், அப்போது விமானப்படையின் விபத்து அறிக்கைகளில் தேட வேண்டும். அல்லது அது ராணுவ விமானமே இல்லை. சீனாவின் சி.என்.ஏ.சி. என்ற பயணிகள் விமான நிறுவனமும் அதே வழியில் பறந்து பல விமானங்களை இழந்தது, அவர்களுக்கு எம்.ஏ.சி.ஆர். கிடையாது. அமெரிக்கக் கடற்படை விமானங்களுக்கும் ஆவணங்கள் வேறு.

இரண்டாவது முக்கிய ஆவணம் இறந்தவரின் தனிக்கோப்பு, ஐ.டி.பி.எஃப். என்பார்கள். போருக்குப் பிறகு ராணுவத்தின் கல்லறைப் பதிவுப் பிரிவு எங்கெல்லாம் தேடியது, ஊர்க்காரர்கள் என்ன சொன்னார்கள், ஏன் தேடலை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் இதில் இருக்கும். பல் விவரப் பட்டியலும் சிலவற்றில் இருக்கும். 1973இல் செயின்ட் லூயிஸ் காப்பகத்தில் ஏற்பட்ட தீயில் ராணுவப் பணிக்கோப்புகள் லட்சக்கணக்கில் எரிந்துபோயின, ஆனால் இந்தத் தனிக்கோப்புகள் வேறு வரிசை, அதனால் 'எல்லாம் எரிந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள், கேட்டு வாங்குங்கள்.

பிரிட்டிஷ் விமானம் என்றால் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். ஸ்குவாட்ரன்கள் எனப்படும் விமான அணிகளின் நாள்பதிவுகள் ஏர் 27 என்ற வரிசையில் இருக்கின்றன, உயிரிழப்புக் கோப்புகள் ஏர் 81 வரிசையில். நாள்பதிவில் புறப்பட்ட நேரம், பணி, கடைசி வானொலிச் செய்தி என்று ஓரிரு வரிதான் இருக்கும், ஆனால் அதே இரவில் பக்கத்தில் பறந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்பது அடுத்த பத்தியில் இருக்கும். அதனால் உங்கள் விமானத்தின் வரியோடு நிறுத்தாமல் அந்த நாள் முழுவதையும் படியுங்கள். நெதர்லாந்தில் விழுந்தவை என்றால் அங்குள்ள விமானப்போர் ஆய்வுக்குழுவினர் தொகுத்த இழப்புப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, அவ்வளவு ஒழுங்கான வேலையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். இரண்டாம் உலகப்போரைச் சேர்ந்த 850க்கு மேற்பட்ட கல்லறைகள் அங்கே இருக்கின்றன. விமானப்படைச் சின்னம் உள்ள ஒரு கல்லை எடுத்துக்கொண்டு அந்தப் பெயரை காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடுங்கள், பிறகு அவருடைய ஸ்குவாட்ரன் எது, அது அன்றைக்கு எங்கே இருந்தது என்று நாள்பதிவில் பிடியுங்கள். போர்க்காலத்தில் செங்குன்றம் ஏரி பிரிட்டிஷ் கடல்விமானங்களின் தளமாக இருந்தது, 240ஆம் ஸ்குவாட்ரனின் கேட்டலினாக்கள் அங்கிருந்துதான் வங்காள விரிகுடாவின் மேல் ரோந்து போயின. நம் ஊர்ப் பக்கத்திலேயே தொடங்கிப் பழகினால் அந்நிய ஊர்ப் பெயர்களில் தடுமாற்றம் குறையும்.

எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அமெரிக்க விமானத்தின் வரிசை எண்ணில் முதல் இரண்டு இலக்கம் நிதியாண்டு. டம்ரோ விமானத்தின் எண் 42-73308. ஆனால் வாலில் எழுதும்போது ஆண்டின் முதல் இலக்கத்தை விட்டுவிடுவார்கள், ஆகவே வாலில் 273308 என்றுதான் இருந்திருக்கும். இது தெரியாமல் 'எண் பொருந்தவில்லை' என்று சரியான விமானத்தையே ஒதுக்கியவர்கள் உண்டு.

இன்னொரு குழப்பம் உதிரிபாக எண். சிதைவில் கிடைக்கும் தகடுகளில் எங்கு பார்த்தாலும் எண் அச்சடித்திருக்கும், பெரும்பாலும் அது அந்த உதிரிபாகத்தின் எண். அதே எண் அந்த வகையில் கட்டிய எல்லா விமானங்களிலும் இருக்கும். விமான வகையைக் கண்டுபிடிக்க அது உதவும்: பி-24 கட்டிய நிறுவனம் அதை மாடல் 32 என்றது, அதனால் அதன் பாகங்கள் பெரும்பாலும் 32 என்று தொடங்கும், சி-46 சரக்கு விமானத்தின் பாகங்கள் 20 என்று தொடங்கும். இந்த விமானம்தான் என்று நிரூபிக்க அது போதாது. அதற்கு வால் எண், எஞ்சின் எண், துப்பாக்கி எண், அல்லது பெயர் பொறித்த தனிப்பொருள் வேண்டும்.

எஞ்சின் புகைப்படம் வந்தால் சிலிண்டர்களை எண்ணுங்கள். 14 என்றால் பி-24 அல்லது சி-47 ஆக இருக்கலாம், 18 என்றால் சி-46 அல்லது பி-29. நான்கு எஞ்சினா இரண்டு எஞ்சினா என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டை வைத்தே பட்டியலில் பாதியை அடித்துவிடலாம்.

தப்பாக அடையாளம் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தின் மார்க்கர்மேர் ஏரியில் ஒரு பாடம் இருக்கிறது. 2008இல் ஒரு படகின் நங்கூரத்தில் சிக்கி விமானத்தின் சக்கரப் பகுதி மேலே வந்தது. பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் குண்டுவீச்சு விமானம் என்று தெரிந்தது, பி.கே.710 என்ற எண்ணுள்ள விமானம் என்று முதலில் முடிவு செய்தார்கள். பிறகு அங்கே கிடைத்த ஒரு சிகரெட் பெட்டியில் இருந்த பெயரின் முதலெழுத்துகள் அந்தக் குழுவில் யாருக்கும் பொருந்தவில்லை, பொருந்தியது பி.கே.716இல் இருந்த ஒருவருக்கு. ஏழு குடும்பங்கள் ஒரு பக்கம், வேறு குடும்பங்கள் இன்னொரு பக்கம். 2020இல் அந்த விமானத்தை முழுசாக மேலே எடுத்தபோது யாருக்காக எடுக்கிறோம் என்பது சரியாகத் தெரிந்திருந்தது, அந்தச் சிறிய பெட்டியை ஒருவர் கவனமாகப் பார்த்ததால்.

இடத்தைக் காகிதத்தில் கண்டுபிடிப்பது

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பழைய அறிக்கையில் 28-30 வடக்கு என்று இருந்ததை நான் 28.30 என்று வரைபடத்தில் போட்டுவிட்டேன். அது 28 டிகிரி 30 நிமிடம், அதாவது 28.5. வித்தியாசம் 22 கிலோமீட்டர். மூன்று மாதம் தப்பான பள்ளத்தாக்கின் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என்னை நம்பி இன்னும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து எந்த அட்சரேகையையும் இரண்டு பேர் தனித்தனியாக மாற்றிப் பார்த்த பிறகுதான் வரைபடத்தில் போடுகிறோம்.

நேரமும் அப்படித்தான். அறிக்கையில் உள்ள நேரம் கிரீன்விச் நேரமா உள்ளூர் நேரமா என்று பாருங்கள், போர்க்காலத்தில் இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு ஒரு மணி நேரப் பிழை என்பது வேறு மலைத்தொடர்.

ஊர்ப் பெயர்கள் மாறியிருக்கும். போர்க்காலத்தில் சாதியா எல்லைப் பகுதி என்று எழுதியிருப்பது பிறகு நேஃபா (வடகிழக்கு எல்லை முகமை) ஆனது, 1972இல் அருணாச்சலப் பிரதேசம் ஆனது. ஃபோர்ட் ஹெர்ட்ஸ் என்பது வடக்கு மியான்மரில் இன்றைய புட்டாவோ. ஒரே ஊரை நான்கு விதமாக எழுத்துக்கூட்டியிருப்பார்கள். அந்தக் காலத்து வரைபடங்களை, முக்கியமாக அமெரிக்க ராணுவ வரைபடச் சேவை வெளியிட்டவற்றை, இன்றைய வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

'கடைசியாகப் பார்த்த இடம்' என்பது விழுந்த இடம் இல்லை. அதை மையமாக வைத்து வட்டம் போடாமல், விமானம் போக வேண்டிய வழி, அன்றைய காற்றின் திசை, மிச்சமிருந்த எரிபொருள் மூன்றையும் வைத்து ஒரு நீளமான பட்டை வரையுங்கள். அந்தப் பட்டைக்குள் வேறு எந்தெந்த விமானங்கள் விழுந்திருக்கின்றன என்று தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேடுவதற்குப் பதில் வேறொன்று கிடைக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, அந்த வேறொன்றிலும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

பொறுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு: 'ஹெவன் கேன் வெய்ட்' என்று பெயர் எழுதியிருந்த பி-24, 1944 மார்ச் 11 அன்று பப்புவா நியூகினியின் ஹன்சா விரிகுடாவில் விழுந்தது, 11 பேர். அதில் இறந்த தாமஸ் கெல்லியின் உறவினர்கள் 2013 முதல் வருடக்கணக்கில் ஆவணங்களைச் சேர்த்து விழுந்த இடத்தைச் சுருக்கினார்கள். 'ப்ராஜெக்ட் ரெக்கவர்' என்ற தன்னார்வ அமைப்பு 2017இல் அங்கே சோனார் கருவியோடு போய், 65 மீட்டர் ஆழத்தில் விமானத்தைக் கண்டுபிடித்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆழ்கடல் மூழ்காளர்கள் 2023இல் இறங்கினார்கள். 2025 மே மாதம் கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் கெல்லியை அடக்கம் செய்தார்கள். கடலில் தேடிய நாட்கள் மிகக் குறைவு, வருடங்களை எடுத்துக்கொண்டது காகிதம்.

ஊர்க்காரர்களிடம் கேட்பது

மலையில் கிடக்கும் விமானங்களில் பெரும்பாலானவற்றை 'கண்டுபிடித்தது' வெளியிலிருந்து வந்தவர்கள் இல்லை. வேட்டைக்குப் போனவர்களுக்கும் மூலிகை எடுக்கப் போனவர்களுக்கும் அது எப்போதோ தெரியும், யாரும் வந்து கேட்கவில்லை, அவ்வளவுதான். அவர்களுடைய பெயரை உங்கள் அறிக்கையில் முதலில் எழுதுங்கள், அவர்கள் சம்மதித்தால்.

கேட்கும் விதம் முக்கியம். போனதும் விமானத்தின் படத்தைக் காட்டி 'இதைப் பார்த்தீர்களா' என்று கேட்காதீர்கள். விருந்தாளியை ஏமாற்றக்கூடாது என்று ஆமாம் என்பார்கள். அதற்குப் பதில் அந்த வீட்டின் பழைய அலுமினியப் பாத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அருணாச்சலத்தில் விமானத் தகட்டை அடித்துப் பாத்திரமும் கருவியும் செய்து பயன்படுத்தியிருக்கிறார்கள். எந்த மலை, எத்தனை நாள் நடை, கண்ணால் பார்த்தவரா கேட்டவரா, யாரிடம் கேட்டார், அப்போது அவருக்கு என்ன வயது. அவர் சொன்னதை அவர் மொழியிலேயே பதிவு செய்து பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். வயதானவர்களைத் தாத்தா, பாட்டி முறையில் அவர்கள் வழக்கப்படி அழைத்து, அவர்கள் களைப்படைந்தால் எழுந்து வந்துவிடுங்கள், அடுத்த நாளும் இருக்கிறது.

வழிகாட்டிகளுக்கும் சுமை தூக்குகிறவர்களுக்கும் அந்த ஊர் நாள்கூலியைக் குறையாமல் கொடுங்கள். ஆனால் 'விமானம் காட்டினால் இவ்வளவு' என்று விலை பேசாதீர்கள். அப்படிப் பேசிய இடங்களில் சிதைவின் பாகங்கள் ஊருக்குள் வந்து சேர ஆரம்பிக்கும், பிறகு எது எங்கே கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

அனுமதி

இது அலுப்பான பகுதி, ஆனால் தாண்ட முடியாது. அருணாச்சலத்துக்கு வெளியிலிருந்து போகும் இந்தியர்களுக்கு உள்நுழைவு அனுமதி வேண்டும், வெளிநாட்டவருக்கு வேறு அனுமதி. அந்த அனுமதி ஊருக்குள் போகத்தான், தேடுவதற்கு இல்லை. மாவட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் சொல்லுங்கள், ஊரில் காவ்ன் புரா என்று அழைக்கப்படும் ஊர்ப் பெரியவரையும், ஆதி ஊர் என்றால் கெபாங் எனப்படும் ஊர்ச்சபையையும் பார்த்த பிறகே மலையேறுங்கள். காடு அவர்களுடையது.

சேட்டிலைட் போனும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறிய கருவிகளும் இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருக்கக்கூடாது. வெளிநாட்டு நண்பர்கள் இது தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு வந்து காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லைப் பகுதியில் டிரோன் வேண்டவே வேண்டாம்.

பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி விழுந்த ராணுவ விமானம் ஒவ்வொன்றும் தானாகவே பாதுகாக்கப்பட்ட இடம், பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூட எடுக்க முடியாது. உடல் எச்சம் இருக்கலாம் என்று தோன்றினால் உரிமமே கிடைப்பது அரிது. எந்த நாடானாலும் அங்குள்ள சட்டத்தைப் போவதற்கு முன்பே படியுங்கள்.

சிதைவின் முன்னால் நிற்கும்போது

முதலில் நின்று சுற்றிலும் பாருங்கள். வெடிக்காத குண்டு, பழைய தோட்டாக்கள், அழுத்தம் குறையாத ஆக்சிஜன் உருளை எல்லாம் இருக்கலாம். எதையும் உதைத்தோ கம்பால் கிளறியோ பார்க்காதீர்கள், பக்கத்தில் நெருப்பு மூட்டாதீர்கள்.

அப்புறம் படம். தூரத்திலிருந்து, நடுத்தூரத்திலிருந்து, கிட்டேயிருந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் இந்த மூன்றும் வேண்டும். கிட்டே எடுக்கும்போது ஓர் அளவுகோல் பக்கத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பேனா. ஜி.பி.எஸ். எண்ணை நோட்டிலும் கையால் எழுதுங்கள், மழையில் போன் போய்விடும். பாசியைத் தேய்க்கக் கம்பித்தூரிகையோ கத்தியோ வேண்டாம், தண்ணீரை ஊற்றி மென்மையாகத் துடைத்து, சாய்வான வெளிச்சம் அடித்தால் பொறித்த எண்கள் தெரியும்.

மலைச்சரிவில் பாகங்கள் விழுந்த இடத்திலேயே இருக்காது. 80 மழைக்காலம் போயிருக்கிறது. எஞ்சின் ஓடையில் கிடந்தால் விமானம் மோதிய இடம் மேலே எங்கோ இருக்கும். எஞ்சினையும் இறக்கையையும் எல்லோரும் படம் எடுப்பார்கள், உங்களுக்கு வேண்டியது விமானியறை எங்கே கிடக்கிறது என்பது. இருக்கைச் சட்டம், பாராசூட் கொக்கி, ஆக்சிஜன் குழாய், காலணி அடி, இவை இருக்கும் இடத்தில்தான் ஆட்கள் இருந்திருப்பார்கள். அந்த இடத்தில் காலடி வைக்காமல் சுற்றி நடங்கள்.

எலும்பு என்று தோன்றும் ஏதாவது தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தொடவேண்டாம், நகர்த்தவேண்டாம், அறிக்கைக்கு ஒரு படம், ஜி.பி.எஸ். எண், அவ்வளவுதான். அந்தப் படத்தை உங்கள் குழுவில்கூடப் பகிரவேண்டாம். உள்ளூர்க் காவல்துறைக்கும் நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் எடுப்பதில்லை, 'பாவம், மழையில் கிடக்கிறதே' என்று பையில் பத்திரமாக எடுத்து வருகிறவர்கள்தான் அதிகம், ஆனால் எந்தப் பாகத்துக்குப் பக்கத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்ற விவரம் அந்த நொடியில் அழிந்துவிடும், பிறகு ஆய்வகத்தில் எவ்வளவு கெட்டிக்காரர் உட்கார்ந்திருந்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நினைவுப்பொருளாக ஒரு தோட்டா உறைகூட வேண்டாம். சிதைவின் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஒருவருடைய கல்லறை.

அறிக்கை எழுதுவது

நாங்கள் எழுதும் முறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூன்றில் ஒரு சொல்: பார்த்தேன், கேட்டேன், நினைக்கிறேன். 'துப்பாக்கி எண்ணைப் பார்த்தேன், அது அறிக்கையின் எண்ணோடு பொருந்துகிறது.' 'விழுந்த அன்று இருவர் குதித்ததாகக் கேட்டேன்.' 'வடக்கிலிருந்து வந்து மோதியதாக நினைக்கிறேன்.' இப்படிப் பிரித்து எழுதாத அறிக்கையை யாரும் நம்பிச் செலவு செய்ய மாட்டார்கள், அந்த நம்பிக்கை ஒருமுறை போனால் உங்கள் அடுத்த அறிக்கையையும் ஓரமாக வைத்துவிடுவார்கள்.

அமெரிக்கர் என்றால் அறிக்கை போகவேண்டிய இடம் டி.பி.ஏ.ஏ., காணாமல்போனவர்களைக் கணக்கில் கொண்டுவருவதற்காக 2015இல் பழைய அமைப்புகளை ஒன்றாக்கி உருவாக்கிய அரசு நிறுவனம். பிரிட்டிஷ் வீரர் என்றால் பாதுகாப்பு அமைச்சகத்தில் இந்த வேலையைப் பார்க்கும் ஜே.சி.சி.சி. என்ற பிரிவு. இரண்டு நாட்டு வழக்கமும் வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: அமெரிக்கர்கள் குடும்பம் விரும்பினால் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், காமன்வெல்த் வீரர்களை விழுந்த நாட்டிலேயே ராணுவக் கல்லறையில் அடக்கம் செய்வார்கள்.

துல்லியமான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். பழம்பொருள் வியாபாரிகளும் படிக்கிறார்கள்.

டி.என்.ஏ. விஷயத்தில் நாம் உதவக்கூடிய இடம்

பழைய எலும்பில் பெரும்பாலும் எடுக்க முடிவது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ., அது தாய்வழியாக மட்டுமே வரும். அதனால் ஒப்பிட வேண்டிய ரத்த சொந்தம் யார் என்பதில் பலருக்குக் குழப்பம். காணாமல்போனவரின் சொந்த மகனோ மகளோ கொடுத்தால் இந்தச் சோதனைக்குப் பயன்படாது. அவருடைய உடன்பிறந்தவர்கள், அக்கா தங்கையின் பிள்ளைகள், அந்த மகள்களின் பிள்ளைகள், பெரியம்மா சித்தியின் பிள்ளைகள், அம்மாவின் அம்மா வழியில் பெண்கள் மூலமாகவே இறங்கி வருகிறவர்கள், இவர்கள்தான் வேண்டும். அண்ணன் தம்பி கொடுக்கலாம், அவர்கள் பிள்ளைகள் முடியாது. 80 வருடம் கழித்து, ஒவ்வொரு தலைமுறையிலும் கல்யாணத்தில் குடும்பப்பெயர் மாறிய பெண்களைத் தேடுவது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். மக்கள்தொகைப் பதிவு, செய்தித்தாளின் இறப்பு அறிவிப்பு, தேவாலயப் பதிவு என்று வீட்டிலிருந்தே தேடி அந்த வம்ச வரைபடத்தைத் தயாரிக்கலாம்.

தயாரித்ததை அதிகாரிகளிடம் கொடுங்கள். நீங்களே போன் செய்து 'உங்கள் மாமாவின் விமானம் கிடைத்துவிட்டது' என்று சொல்லிவிடாதீர்கள். விமானம் கிடைப்பதும் ஆள் கிடைப்பதும் வேறு வேறு. டம்ரோவில் எட்டுப் பேர் இருந்த விமானத்திலிருந்து 2017இல் பெயர் சொல்ல முடிந்தது ஒருவருக்குத்தான். அந்த ஒரு போன் அழைப்பில் நீங்கள் கொடுத்த நம்பிக்கையோடு ஒரு வயதான தங்கை எத்தனை வருடம் காத்திருப்பார்.

அப்புறம் காத்திருப்பது

அறிக்கை போன பிறகு ஒரு வருடம் பதில் இல்லாமல் இருக்கலாம். இரண்டு நாட்டு அரசுகள் பேசவேண்டும், பருவம் பார்க்கவேண்டும், வடகிழக்கில் வேலை செய்ய முடிவதே பெரும்பாலும் மழை ஓய்ந்த மாதங்களில்தான். தோண்டும் குழுவில் மானுடவியல் அறிஞர், வெடிபொருள் வல்லுநர், மருத்துவ உதவியாளர், மலையேறிகள் இருப்பார்கள். நிலத்தைக் கயிறு கட்டிச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வாளி மண்ணையும் 6 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் சலிப்பார்கள். வாரக்கணக்கில் சலித்து ஒரு பல் கிடைக்கலாம். சில சமயம் அந்த ஒரு பல்லே போதும். கிடைத்தவை ஹவாயிலோ நெப்ராஸ்காவிலோ உள்ள ஆய்வகத்துக்குப் போகும், டி.என்.ஏ. மாதிரி டெலவேரில் உள்ள டோவருக்கு.

இந்த இடைவெளியில் உங்கள் கோப்பை ஒழுங்காக்குங்கள். விமான எண், தேதி, இடம் என்று கோப்புக்குப் பெயர் வையுங்கள். எந்த ஆவணம் எங்கிருந்து எப்போது எடுத்தது என்று குறித்து வையுங்கள், குழுவில் இன்னொருவரிடம் முழுப் பிரதி கொடுத்து வையுங்கள். இந்த வேலையில் இருக்கும் பலர் வயதானவர்கள், ஒருவர் போய்விட்டால் அவர் கணினியோடு 20 வருட உழைப்பு போய்விடுகிறது.

ஒருநாள் அடையாளம் உறுதியாகி, குடும்பம் உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு அடக்கத்துக்கு அழைத்தால் போங்கள், முடியாவிட்டால் கடிதம் எழுதுங்கள். அந்த மலையின் படம், ஊரின் பெயர், அந்த இடத்தைக் காட்டியவர் சொன்ன கதை, இதெல்லாம் அடங்கிய ஒரு பிரதியைக் கையில் கொண்டுபோங்கள். எப்படி இறந்தார் என்று கேட்டால் காகிதத்தில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள், கூட்டிச் சொல்லவேண்டாம். ஆனால் என்னிடம் பேசியவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்டது அதை இல்லை, அந்த இடம் எப்படி இருக்கும் என்றுதான் கேட்டார்கள்: மரம் இருக்கிறதா, தண்ணீர் ஓடுகிறதா, பக்கத்தில் யாராவது வசிக்கிறார்களா என்று. அதற்குப் பதில் சொல்லும் அளவுக்குப் படங்கள் எடுத்து வைத்திருங்கள்.